மெழுகில் ஒரு பொட்டு

கூடத்தில் இருப்பவர்கள்: சன்னலுக்குப் பின்னால் ரசீது போடுகிற பெண், வாசல் நாற்காலியில் வாய் திறந்து தூங்குகிற காவல்காரர், பெரம்பலூர் ரெங்கராஜு, மடியில் எவர்சில்வர் தூக்கை வைத்துக்கொண்டிருக்கிற ஓர் அம்மாள், அவருடைய மருமகள், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் சோதனைக்கூடத்தில் பெனடிக்டா, பிறகு நான். ஏழு பேர். என் மனைவி தையல்நாயகியைச் சேர்த்தால் எட்டு. அவளைச் சேர்க்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. அவள் கும்பகோணத்தில், வீட்டுக் கட்டிலில், சன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். அவள் வயிற்றிலிருந்து எடுத்த ஆறு துண்டு, ரவை ரவையாக, மெழுகில் பதிந்து வந்து திருச்சியில் இந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. கல்யாண மண்டபங்களில் இலை எண்ணிப் பிழைத்தவன் நான். வருகிற தலையை எண்ண முடியாது. ஒருவர் கை கழுவப் போவார், ஒருவர் குழந்தையை மடியில் இழுத்துக்கொள்வார். இலையைத்தான் எண்ண வேண்டும். காலையில் இறங்கிய இலை இத்தனை, கடைசிப் பந்தி எழுந்த பிறகு மீதி இத்தனை, கழித்தால் சாப்பிட்டவர். ஓர் ஆளுக்கு ஓர் இலை. அதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. கொஞ்சம் இங்கே, மிச்சம் அங்கே என்று இருக்கிற ஆளை எந்த மண்டபத்திலும் எனக்கு எண்ண நேர்ந்ததில்லை.

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் முனகுகிறது. கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு வாசனை வருகிறது, பெயின்ட் கடையும் அணைத்த மெழுகுவர்த்தியும் சேர்ந்தாற்போல. கதவு மூடினால் போய்விடுகிறது. வாசனை வரும்போது தையல் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள் என்று நினைக்கிறேன், உடனே அப்படி நினைக்கக் கூடாது, அது ஆகாத நினைப்பு என்று நினைக்கிறேன், அதற்குள் கதவு மறுபடி திறக்கிறது. முன்னே ஊர் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் சீட்டின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டார். வட்டத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் கோடுகள் இழுத்தார். "பெரியவரே, இது ஒரு செல். இந்தக் கோடெல்லாம் ஹெர் டூன்னு ஒரு புரதம். காதுன்னு வச்சுக்கங்க. உடம்புக்குள்ள ஒரு குரல், வளரு வளருன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். எல்லா செல்லுக்கும் அதைக் கேக்க ரெண்டு காது இருக்கும். சில கட்டியில மட்டும் உடம்பெல்லாம் காதா முளைச்சிருக்கும். அது சீக்கிரம் வளரும், சீக்கிரம் பரவும்." அப்படியானால் அது இல்லாமல் இருப்பதுதானே நல்லது என்று கேட்டேன். கேட்டேனா, மனசுக்குள் கேட்டுக்கொண்டேனா, நினைவில்லை. ஆனால் அவர் பதில் சொன்னார். "அதுதான் இல்லை. அந்தக் காதை அடைக்கிற மருந்து ஒண்ணு இருக்கு. மூணு வாரத்துக்கு ஒரு தரம் ஏத்தலாம். காது நிறைய இருந்தாத்தான் அது வேலை செய்யும். இல்லைன்னா வழக்கமான மருந்து மட்டும்தான். அது அம்மா உடம்புக்கு எவ்வளவு நாள் தாங்கும்னு சொல்றதுக்கில்லை." கல்லீரலில் ஏற்கெனவே இரண்டு புள்ளி விழுந்திருக்கிறது. கத்தி வைக்கிற கட்டம் தாண்டிவிட்டது. ஆகவே காது இருக்க வேண்டும். அவளைத் தின்கிறது எதுவோ அது வலுத்ததாக, நாலு பக்கமும் காது முளைத்ததாக இருக்க வேண்டும். சன்னதியில் போய் நின்றேன். என்னவென்று வேண்டுவது. இருக்கட்டும் என்றால் எது இருக்கட்டும். இல்லாமல் போகட்டும் என்றால் எது போகட்டும். குருக்கள் தட்டை நீட்டியபடி நின்றார். திருநீற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் சொன்னபோது தையல் சிரித்தாள். சிரித்தால் வயிறு வலிக்கும் என்று கையால் அழுத்திக்கொண்டு சிரித்தாள். "கெட்டது இருந்தாத்தான் நல்லதுங்கறாரா டாக்டரு. அப்ப கவலைப்படாதீங்க. நமக்கு எது வந்தாலும் அரைகுறையா வந்ததில்லை."

போன வாரம் மெழுகுக்கட்டியை ஊர் ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள், திருச்சிக்கு நீங்களே எடுத்துப் போங்கள் என்று. தீப்பெட்டியில் பாதி இருக்கும். ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதில் நம்பர், அதன்மேல் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் ஆறு ரவை. தையல் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். "இது நானா." "ஆமா." "இத்தினியூண்டா." நான் மேல் துண்டை எடுக்க உள்ளே போய்த் திரும்பினேன். அதற்குள் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, குங்குமத்தைத் தொட்டு, மெழுகின் நடுவில், அந்த ஆறு ரவைக்கும் மேலே, ஒரு பொட்டு வைத்துவிட்டாள். வெளியூர் போகிற எதற்கும் அவள் பொட்டு வைப்பாள். புது அண்டா, பேரனின் சைக்கிள், பள்ளிக்கூடத்துக்குப் போன பரீட்சை அட்டை. நான் திகைத்து நின்றேன். "என் வயித்துக்கு நான் பொட்டு வைக்காம வேற யாரு வைப்பா. தனியாப் போவுது பாவம்." துடைக்கலாமா என்று நினைத்தேன். துடைத்தால் தேயும், தேய்ந்தால் மெழுகு போகும், மெழுகோடு அவளும் போவாள். பேருந்தில் வெயில் என் பக்கமே விழுந்தது. மெழுகு உருகிவிடும் என்று பயந்து டப்பாவை வேட்டி மடிப்பில் வைத்தேன், அங்கே உடம்புச் சூடு என்று வெளியே எடுத்தேன், மறுபடி உள்ளே வைத்தேன். பக்கத்தில் இருந்தவர், "என்ன பெரியவரே, நகையா" என்றார். இல்லை என்றேன். நம்பவில்லை. தஞ்சாவூர் தாண்டும்வரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார்.

பெனடிக்டா அன்றைக்கு டப்பாவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தாள், மறுபடி டப்பாவைப் பார்த்தாள். "என்னங்கய்யா இது, பிளாக்குக்குப் பொட்டு வச்சிருக்கீங்க." "வீட்டுல வச்சிட்டாங்கம்மா." "வச்சதுதான் வச்சீங்க, பின்பக்கம் வச்சிருக்கலாம்ல. வெட்டுற பக்கம் பார்த்து வச்சிருக்கீங்களே." திட்டுகிற குரல் இல்லை, ஆனால் சிரிப்பும் இல்லை. மெழுகை ஒரு இயந்திரத்தில் மாட்டி, நெல்லின் உமியைவிட மெல்லியதாகச் சீவுவாளாம். "மேல மூணு சீவல் போகும், ஐயா. கொஞ்சமா இருக்கிற துண்டு. அடியில எவ்வளவு ஆழம் இருக்குன்னு வெட்டினாத்தான் தெரியும்." கதவில் ஒரு சதுரக் கண்ணாடி உண்டு. அதன் வழியே நின்று பார்த்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. சீவல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நாடாவாக வந்தன. அதைத் தூக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டாள். தண்ணீர் தொட்டதும் சுருக்கம் எல்லாம் விட்டு, பாலாடை படர்வது போல விரிந்தன. என் தையல்நாயகி தண்ணீரில் மிதக்கிறாள். எனக்குப் பயமாக இல்லை. ஏனோ மிகவும் அமைதியாக இருந்தது. கல்யாணமான புதிதில் மகாமகக் குளத்துப் படியில் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டு, இறங்கப் பயமாயிருக்கு, நீங்க கையைப் பிடிச்சுக்கங்க என்றாள். நாலு பேர் பார்க்கிறார்களே என்று நான் பிடிக்கவில்லை. இங்கே பெனடிக்டா கண்ணாடித் துண்டைச் சாய்த்துத் தண்ணீருக்குள் விட்டு ஒவ்வொரு சீவலாக ஏந்தி எடுத்தாள், கைபிடித்துக் கரையேற்றுவது போல. எட்டு எடுத்தாள். சிவப்புத் தூள் பட்ட மூன்றை முதலிலேயே ஒதுக்கிவிட்டதைப் பார்த்தேன். ஒன்று சாதாரணச் சாயத்துக்கு, ஒன்று அந்தக் காதுக்கு, ஐந்து வேறு ஐந்து புரதங்களுக்கு. ஏழு போய்விட்டது. மீதி ஒன்று. மெழுகில் இனி ரவை இல்லை, வெறும் மெழுகுதான் என்றாள். பொட்டுக்கு மூன்று என்று என் மனசு தானாகக் கழித்துக்கொண்டது. இதைத் தையலிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

"என்ன இலைக்காரரே, இன்னிக்கு எத்தனை தலை" என்கிறார் ரெங்கராஜு. போன தடவை இதே பெஞ்சில் பழக்கம். அவர் தம்பிக்கும் வயிறுதான். ஏழு என்றேன். "தூங்குறாரே, அவரையும் சேர்த்தா." "இலை போட்டா அவருக்கும் போட்டுத்தானே ஆகணும்." "போட்டுப் பாருங்க. முழிக்கிறாரான்னு பாப்பம்." தூக்கு வைத்திருந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சன்னலில் பெயர் கூப்பிட்டார்கள். ரெங்கராஜு போனார். போனவர் காகிதத்தை உயர்த்திப் பிடித்தபடி வந்தார். முகம் கழுவினாற்போல இருந்தது. "இல்லையாம். அந்த ஹெர் டூவோ என்னவோ, சுத்தமா இல்லையாம். நெகட்டிவ்னு போட்டிருக்கு பாருங்க." கீழே இறங்கிப் போய்க் கடலை மிட்டாய்ப் பொட்டலத்தோடு ஏறி வந்தார். அம்மாளுக்கு, மருமகளுக்கு, ரசீதுப் பெண்ணுக்கு, காவல்காரரைத் தட்டி எழுப்பி அவருக்கு. எனக்கு இரண்டு. "எடுத்துக்கங்க, நல்ல சேதி. உங்களுக்கும் இல்லைன்னே வரும், பாருங்க." அம்மாள், "அவரு வாய் முகூர்த்தம்" என்றார். நான் எடுத்துக்கொண்டேன். வாயில் போடவில்லை, சட்டைப்பையில் போட்டேன். அவரிடம் யாரும் வட்டம் போட்டுக் காட்டவில்லையா. காட்டியும் அவர் கோடுகளைப் பார்க்காமல் டாக்டரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாரா. நான் சொல்லலாம். சொல்ல நான் யார், எட்டாம் வகுப்பு, எனக்குத் தெரிந்தது அரை வட்டம். வேறு மருந்து இருக்கலாம். அவர் தம்பியின் டாக்டர் வேறு கணக்கு வைத்திருக்கலாம். இன்று சாயங்காலம் வரைக்குமாவது அவர் வீட்டில் எல்லாரும் நன்றாகச் சாப்பிடட்டும். படியில் இறங்கும்போதே போனில், "சொன்னேன்ல, ஒண்ணும் இல்லைன்னு" என்று அவர் கத்துவது கேட்டது. நான் சொல்லாமல் இருந்தது அவருக்காகவா, என் கூச்சத்துக்காகவா. சட்டைப்பையில் மிட்டாய் நெஞ்சை அழுத்துகிறது. வெல்லம் இளகி ஒட்டும். கூடத்தில் இப்போது ஆறு பேர்.

கண்ணை மூடினால் மண்டபம் வருகிறது. எந்த ஊர் மண்டபம் என்று தெரியவில்லை, விளக்கு எல்லாம் ஊதா. பந்தி பந்தியாகச் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. முகம் இல்லை, நடுவில் கருப்பாக ஒரு கரு மட்டும். உள்ளேயிருந்து ஒரு குரல் வருகிறது, வளரு, வளரு என்று, பரிமாறுகிறவர்கள் சாதம், சாதம் என்று கூவிக்கொண்டே வருவார்களே அந்த ராகத்தில். இருந்தால் ஓரம் பழுப்பாகத் தெரியும், வட்டம் போட்டாற்போல என்று பெனடிக்டா சொல்லியிருக்கிறாள். சின்னத் துண்டாக இருந்தால் ஐந்து செல் சேர்ந்தாற்போல் நின்றால்கூடப் போதுமாம். அவ்வளவு கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஐந்து பேர். நான் இலைக்கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகிறேன். ஓரம் பழுப்பா, வெறும் நிழலா. டிகாக்ஷன் விட்ட டம்ளரில் விளிம்போடு ஒரு கோடு நிற்குமே, அந்த நிறம். ஒன்று, இரண்டு, மூன்று, அடுத்தது இல்லை. மறுபடி முதலிலிருந்து. கடைசி வரிசையின் கோடியில் தையல் உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் கிழிசல் இலை. "நீ இங்கே எதுக்கு வந்து உட்கார்ந்திருக்கே." "எனக்குள்ளதானே இந்த மண்டபம். நான் வேற எங்கே போய் உட்கார்றது." முகூர்த்த நாட்களில் அவளும் காய் நறுக்க வருவாள். நறுக்கிற ஆட்களுக்கும் பாத்திரம் தேய்க்கிறவர்களுக்கும் கடைசியில் கிழிசல் இலைதான். கிழிசல் கணக்கில் சேராது. இலைக்காரனும் சேர்க்க மாட்டான், மண்டபத்துக்காரனும் சேர்க்க மாட்டான். கட்டைப் பிரிக்கும்போதே மடித்து ஓரம் தள்ளிவிடுவோம். ஒரு கிழிசலின் மேல் இன்னொன்றைக் குறுக்கே போட்டு ரசம் ஒழுகாமல் சாப்பிட அவளுக்குத் தெரியும். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள், "உங்க கணக்குப்படி நான் ஒரு கல்யாணத்துலயும் சாப்பிட்டதே இல்லை, தெரியுமா." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கணக்கு அப்படித்தான், நான் என்ன செய்ய. போன தை மாதம் அவள் இரண்டு பிடி உண்டதும் போதும், நெஞ்சில் நிற்கிறது என்று இலையை மூடினாள். அப்போதும் அது ஓர் இலைதான். மூடிய இலைக்குள் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று நான் திறந்து பார்த்ததில்லை. மூன்று, நான்கு. நான்காவது பழுப்பா. மின்விசிறி முனகுகிறது. யாரோ என் பெயரைச் சொல்கிறார்கள். சிங்காரவேலு. சிங்காரவேலு ஐயா.

பெனடிக்டாதான். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அந்த வாசனை. மற்றவர்களுக்குச் சன்னலில் காகிதம் வந்தது, என்னை மட்டும் ஏன் உள்ளே கூப்பிடுகிறாள். கால் மரத்துவிட்டது. பெஞ்சைப் பிடித்து எழுந்தேன். "உட்காருங்கய்யா. பயப்படாதீங்க. அம்மாவோடது ரெண்டு பிளஸ்னு வந்திருக்கு. மூணுன்னா நிச்சயம் இருக்கு. ஒண்ணுன்னா இல்லை. ரெண்டுன்னா சொல்ல முடியலைன்னு அர்த்தம்." "அஞ்சு பேர் சேர்ந்தாப்புல இல்லையாம்மா." அவள் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தாள். "இருக்காங்க. அஞ்சுக்கு மேலயே இருக்காங்க. ஆனா ஓரம் வெளிறிப்போய் இருக்கு. வட்டம் முழுசா இல்லை." நமக்கு எது வந்தாலும் அரைகுறையாக வந்ததில்லை என்றாளே. அரைகுறையாக வந்திருக்கிறது, தையலு. "இன்னொரு சோதனை இருக்கு. செல்லோட ஜீனையே எண்ணிப் பார்க்கிறது. அதுல தெரிஞ்சிடும். அதுக்கு சாயம் போடாத சீவல் ஒண்ணு வேணும். நம்மகிட்ட இருக்கிறதும் ஒண்ணுதான். கழுவும்போது துண்டு கண்ணாடியிலேருந்து நழுவிப் போகும் சில நேரம். போனா அவ்வளவுதான். அதனால டாக்டர் உங்களைக் கேக்கச் சொன்னாங்க. இதுலயே செஞ்சிடலாமா, இல்லை அம்மாவுக்கு மறுபடி வாய் வழியா குழாய் விட்டுப் புதுசா துண்டு எடுத்துட்டு வர்றீங்களா." குழாய். போன தடவை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் தையல் உதட்டோரம் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், "இன்னொரு தரம் மாட்டேன். யாராவது கேட்டா என்கிட்ட கேட்டுட்டு வரேன்னு சொல்லிட்டு வராதீங்க. நீங்களே சொல்லிட்டு வாங்க." நான் எந்தச் சபையிலும் பேசியவன் இல்லை. மண்டபத்தில் தகராறு வந்தால் மீதி இலைக்கட்டை முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பேன். எண்ணிக்கொள்ளட்டும் என்று. இங்கே நகர்த்தி வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. "இதுலயே செஞ்சிருங்கம்மா" என்றேன். சொன்னது என் குரல்தான்.

அவள் தலையசைத்தாள். மரத்தட்டிலிருந்து அந்த ஒற்றைக் கண்ணாடியை எடுத்து, நம்பரைச் சரிபார்த்து, வேறு தட்டில் வைத்தாள். வெளிச்சத்தில் ஆறு மங்கலான நிழல்கள், மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி. போய்வா என்று சொல்லத் தோன்றியது. பழைய தட்டில் ஓரமாக இன்னொன்று இருந்தது. எண்ணிக்கையில் இல்லாதது. எட்டுதான் எடுத்தாள், நான் பார்த்தேன். "அது யாரோடதும்மா." "உங்களோடதுதான். பொட்டு பட்ட மூணுல ரெண்டு சுருண்டு போச்சு. ஒண்ணு நேரா விரிஞ்சுது. நீங்க பெஞ்சுக்குப் போனப்புறம் எடுத்து வச்சேன். கொஞ்சமா இருக்கிற துண்டுன்னா நான் எதையும் குப்பையில போட மாட்டேன், பழக்கம்." குனிந்து பார்த்தேன். ஒரு ஓரத்தில் நாலைந்து சிவப்புத் தூள். ரவை இருக்கிற இடத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளி. "இதை எண்ணிக்கையில சேர்த்துக்கலாமா." "சுத்தமானதுன்னு எழுத முடியாது. ஆனா நல்லது நழுவிப் போச்சுன்னா இதை வச்சு முயற்சி பண்ணிப் பார்க்கலாம். வரும்னு சொல்ல மாட்டேன். வராதுன்னும் சொல்ல மாட்டேன்." அடுத்த வாரம் வரச் சொன்னாள். வெளியே வந்து படிக்கட்டில் நின்று வீட்டுக்குப் போன் போட்டேன். மணி இரண்டு தரம் அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள், போனைப் பக்கத்திலேயே வைத்திருந்திருக்கிறாள். "இருக்கா, இல்லையா." "இன்னும் பந்தி முடியலை. இன்னொரு சோதனை பாக்கறாங்க. குழாய் இல்லாம." மூச்சு விடுவது கேட்டது. "நீங்களே சொன்னீங்களா." "நானேதான்." "பொட்டைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா. அன்னிக்கு நீங்க திகைச்சு நின்னதுலேருந்து எனக்கு ஒரே யோசனை." "பத்திரமா இருக்குன்னாங்க." "ம்" என்றாள். பிறகு, "சாப்பிட்டீங்களா" என்றாள். சட்டைப்பையைத் தொட்டேன். வெல்லம் துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே தெருவில் வெயில் வெள்ளையாக அசையாமல் நின்றது. இறங்கிக்கொண்டே, பந்தி முடிந்ததும் மனசு தானாகச் சொல்லும் கணக்கைச் சொல்லவிட்டேன். வெட்டியது பதினொன்று. சுருண்டது இரண்டு. சாயத்துக்குப் போனது ஏழு. இன்றைக்குப் போனது ஒன்று. மீதி, கிழிசலைச் சேர்த்து, ஒன்று.